மூளைவாதக் குழந்தைக்கு ஸ்டெம் செல்: அடமானம் வைக்கும் முன் என்ன பார்க்கணும்?

அரூர்_சிறப்பாசிரியர்

அரூர் பக்கத்துப் பெண் குழந்தை, மூளைவாதம் (செரிப்ரல் பால்சி). வயது 3 வருடம் 2 மாதம், எடை 12 கிலோ. 30 வாரத்தில் பிறந்தவள். ரெண்டு காலும் இறுக்கம், கைகள் பரவாயில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், வாக்கர் கொடுத்து ஒருத்தர் கூட இருந்தால் நாலைந்து அடி. ஜி.எம்.எஃப்.சி.எஸ். (அசைவுத்திறன் பாதிப்பை 1 முதல் 5 வரை பிரிக்கிற அளவு, 5 தான் கடுமை) நிலை 3 என்று எழுதியிருக்காங்க. எம்.ஆர்.ஐ.யில் மூளை அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் பாதிப்பு. இதுவரை ரெண்டு தடவை வலிப்பு, மருந்து ஓடுது.

வெளியூர் தனியார் மையம் ஒன்று இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அதே நாளில் முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவதாகச் சொல்லியிருக்கு. மூணு சுற்று, சுற்றுக்கு மூன்றரை லட்சம். ஒரு சுற்றுக்கு 6 நாள் தங்கல், தினமும் 4 மணி நேரம் பிசியோவும் உண்டாம். அப்பா மாந்தோப்பை அடமானம் வைக்கப் பேச ஆரம்பிச்சுட்டார். "வேண்டாம்"னு ஒத்தை வரியில் சொன்னா அவர் கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே நடக்கிறது என்னன்னு தெரிஞ்சவங்க பிரிச்சு எழுதுங்க. படிச்சுக் காட்டணும்.

குழந்தை_நரம்பியல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஸ்டெம் செல் என்ற ஒரே பேரில் மூன்று வேறு வேறு சரக்கு சுற்றுகிறது. பிரசவத்தின்போது எடுத்து உறைய வைத்த தொப்புள்கொடி ரத்தம் ஒன்று. ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்த மெசன்கைமல் செல் (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பாக மாறக்கூடிய வகை) இன்னொன்று. மூன்றாவது, உங்கள் மையம் சொல்வது: குழந்தையின் சொந்த மஜ்ஜையை உறிஞ்சி, வடிகட்டி, அன்றைக்கே போடுவது.

மூளைவாதத்தில் ஓரளவு ஒழுங்கான சோதனைகள் அதிகம் நடந்தது முதல் வகையில்தான், அதுவும் கை ரத்தக்குழாய் வழியாக. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகச் சோதனை 2017இல் வெளிவந்தது. 1 முதல் 6 வயது வரை 63 குழந்தைகள், அவரவர் தொப்புள்கொடி ரத்தம். ஒரு வருடம் கழித்து, செல் போட்ட குழுவுக்கும் வெறும் திரவம் போட்ட குழுவுக்கும் உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுத்திறனில் வித்தியாசம் இல்லை. கிலோவுக்கு 2 கோடி செல்லுக்கு மேல் போன குழந்தைகள் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக முன்னேறினார்கள். 12 கிலோ என்றால் 24 கோடி செல்.

மையத்து விளம்பரத் தாளில் "உலக ஆய்வுகள் நிரூபித்தவை" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அந்த ஆய்வில் போட்டது எந்த செல், எந்த வழியாகப் போட்டார்கள் என்று மட்டும் பாருங்கள். தொப்புள்கொடி ரத்தத்தின் கட்டுரையைக் காட்டி மஜ்ஜை ஊசி விற்பது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

ஆய்வக_மேசை

செல் பிரிக்கிற பக்கத்தை நான் சொல்றேன்.

மயக்கம் கொடுத்து, குப்புறப் படுக்க வைத்து, பின்பக்க இடுப்பெலும்பில் தடித்த ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுவாங்க. அதை அடர்த்தித் திரவத்து மேல மெதுவா ஊற்றி சுழலியில் சுற்றினா நடுவில் மங்கலா ஒரு வெள்ளை வளையம் நிக்கும். பிப்பெட்டில் அந்த வளையத்தை மட்டும் எடுத்துக் கழுவி, எண்ணி, சில மில்லி திரவத்தில் கலந்து சிரிஞ்சில் ஏத்துறது. மொத்தம் மூணு நாலு மணி நேர வேலை.

அந்த வளையத்தில் இருக்கிறது பெரும்பாலும் சாதாரண வெள்ளையணுக்கள். மெசன்கைமல் செல் லட்சத்துக்கு ஒன்றிலிருந்து பத்து வரை. சான்றிதழில் "10 கோடி செல் செலுத்தப்பட்டது"ன்னு போட்டிருந்தா, அதில் அந்த வகை ஆயிரத்திலிருந்து பத்தாயிரம்தான். "உயிர்ப்பு 98 சதவீதம்"னு பெரிய எழுத்தில் இருக்கும். செல் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எந்த செல்னு அது சொல்லாது.

இன்னொன்னு, கிருமி வளருதான்னு பார்க்கிற கல்ச்சர் முழுசா முடிய 14 நாள். அன்னிக்கே போடுற செல்லுக்கு அந்த முடிவு வர்றதுக்குள்ள ஊசி போட்டு முடிஞ்சிருக்கும். அதனால கூடத்தின் தூய்மைதான் எல்லாமே. "14ஆம் நாள் கல்ச்சர் முடிவை எழுத்தில் தருவீங்களா"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா புரிஞ்சுக்கலாம்.

அளவு விஷயம்: 12 கிலோ குழந்தை உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 900 மில்லி. 80 மில்லி உறிஞ்சினா கிட்டத்தட்ட 9 சதவீதம் போச்சு. நம்ம பக்கக் குழந்தைகளில் ரத்தசோகை எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் பார்க்காம, எத்தனை மில்லி எடுப்பாங்கன்னு கேட்காம கையெழுத்துப் போட வேண்டாம்.

தோப்பூர்_கணவாய்

ஒரு கேள்வி டாக்டர். போடுற செல் மூளையில் போய் நரம்பா மாறிடும்னு வீடியோவில் அனிமேஷன் காட்டுறாங்களே?

குழந்தை_நரம்பியல்

மாறுவதற்குச் சான்று இல்லை. கை ரத்தக்குழாயில் போட்டால் பெரும்பகுதி ரத்தத்தின் முதல் சுற்றிலேயே நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். செல்கள் சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைக் குறைக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களே இன்று சொல்கிற விளக்கம். மூன்று வருடம் முன்பு ஆறிப்போன தழும்பை அது எப்படித் திருத்தும் என்பது அடுத்த கேள்வி.

முதுகுத்தண்டு ஊசிக்குப் பிறகு தலைவலி, வாந்தி, காய்ச்சல், முதுகுவலி வரலாம். இவை சில நாளில் போகும். இந்தக் குழந்தைக்கு நான் பயப்படுவது வலிப்புக்கு. ஏற்கெனவே வலிப்பு உள்ள குழந்தைக்குச் செல் போட்ட பின் அது கூடியதாகப் பதிவுகள் இருக்கின்றன. இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பரிசோதனை) எடுக்காமல், மயக்கத்துக்காகப் பட்டினி போடும் காலையில் வலிப்பு மருந்து வேளையை எப்படிச் சமாளிப்பது என்று எழுதித் தராமல் மேசையில் படுக்க வைக்கக் கூடாது. மயக்கம் தெளிந்த இரவே பஸ் ஏறி ஊர் திரும்புவதும் கூடாது.

கட்டி வரும் என்ற பயத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2009இல் வெளியான இஸ்ரேல் சிறுவனின் பதிவு உண்மை. அவனுக்கு மாஸ்கோவில் போட்டது கருவிலிருந்து எடுத்த பிறரது நரம்புச் செல், நோயும் வேறு. சொந்த மஜ்ஜைக்கு அதே ஆபத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். இதில் சொல்ல வேண்டிய உண்மைகளே போதுமானவை.

ஆராய்ச்சி_பக்கம்

எல்லாரும் ஒரே பக்கமா சாயறீங்க, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன். 2025இல் தொப்புள்கொடி ரத்தச் சோதனைகளின் தரவைக் குழந்தை வாரியாக ஒன்று சேர்த்து அலசினாங்க, கிட்டத்தட்ட 500 குழந்தைகள். அசைவுத்திறனை அளக்கிற ஜி.எம்.எஃப்.எம்.-66 மதிப்பெண்ணில் ஒரு வருடத்தில் சராசரி 1.4 புள்ளி கூடுதல் பலன். 5 வயதுக்குக் கீழே, பாதிப்பு குறைவாக இருப்பவர்களிடம், செல் அளவு அதிகமாகப் போனவர்களிடம் பலன் கூடுதல். ஆக இது முழுப் பொய் கிடையாது. முறையான சோதனை எங்காவது திறந்திருந்தால் சேர்க்கலாம் என்பதே என் கருத்து.

பாலக்கோடு_பிசியோ

அந்த 1.4 எவ்வளவுன்னு அப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லணும். அந்த அளவுகோல் நூறுக்கு. 66 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட்டுக் கணக்கிடுறது. 1.4னா, பிடிச்சு நிக்கிறவ ஒரு கையை ஒரு கணம் விடுற மாதிரி ஒரு சின்ன மாற்றம். வாக்கரைத் தூக்கிப் போட்டு நடக்கிறது இல்லை. அதுவும் பிசியோ கூடவே நடந்த நிலையில், நீங்களே சொன்ன மாதிரி தொப்புள்கொடி ரத்தத்தில். இங்கே விக்கிறது மஜ்ஜை.

இப்போ முன்-பின் வீடியோ. ஒலியை நிறுத்திட்டு ரெண்டு தடவை பாருங்க. முதல் வீடியோவில் குழந்தை வெறுங்காலோட, வழுக்குற டைல்ஸ் தரையில, அழுதுக்கிட்டு. ரெண்டாவதில் காலில் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் நேராப் பிடிக்கிற பிளாஸ்டிக் தாங்கி), தரையில் ரப்பர் விரிப்பு. அதைவிட முக்கியம், இடுப்பில் யாரோட கை இருக்குன்னு பாருங்க. சட்டைக்குப் பின்னாடி ரெண்டு கட்டைவிரல் இடுப்பெலும்பை அழுத்திப் பிடிச்சிருக்கும். அந்தக் கை எடுத்தா குழந்தை உட்கார்ந்துடும்.

இன்னொரு சூட்சுமம் வயசு. நிலை 3 குழந்தைகள் தாங்க அடையப்போற அசைவுத்திறனில் 90 சதவீதத்தை சராசரியா 3.7 வயசுக்குள் எட்டிடுறாங்க. கனடாவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002இல் போட்ட வளர்ச்சிக் கோடு அது. இவளுக்கு 3.2. ஒண்ணுமே போடலைன்னாலும் அடுத்த ஆறு மாசம் இவ ஏறிக்கிட்டுத்தான் இருப்பா. ஆறு நாள், தினம் 4 மணி நேரம் பிசியோ வேற. இதில் செல்லோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்க ஒப்பீட்டுக் குழு வேணும். அது வியாபாரத்தில் கிடையாது.

மூன்றரை லட்சத்தில் உருப்படியா கிடைக்கிறது அந்த 24 மணி நேரப் பயிற்சிதான்.

ஆவணம்_பார்ப்பவர்

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே செய்யலாம். 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் ஸ்டெம் செல் தயாரிப்பைப் புதிய மருந்தாகவே வைக்கின்றன. மையங்கள் நுழையும் சந்து ஒன்று உண்டு: "நாங்கள் செல்லை மாற்றவில்லை, குறைந்தபட்சக் கையாளல்தான், எனவே இது மருந்தே இல்லை" என்பார்கள். 2017 வழிகாட்டுதல் குறைந்தபட்சக் கையாளலையும் சோதனைக்குள்தான் வைக்கிறது.

கேட்க வேண்டிய தாள்கள் இவை. சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்: அதில் வருடம், மாதம், வரிசை எண் இருக்கும். இணையத்தில் யாரும் தேடலாம். தேடும்போது நோய் மூளைவாதம்தானா, வயது வரம்பில் 3 உண்டா, இந்த மையத்தின் பெயர் இடப்பட்டியலில் இருக்கிறதா, ஆள் சேர்ப்பு இன்னும் திறந்திருக்கிறதா என்று நாலும் பாருங்கள். முதுகுத்தண்டு நோயாளிகளுக்கான பழைய பதிவு எண்ணைக் காட்டுவது ஒரு வித்தை. பதிவு வேறு, அனுமதி வேறு என்பதும் நினைவிருக்கட்டும். அனுமதி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடமிருந்து சி.டி.-06 படிவத்தில் வரும். கூடவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம்.

எல்லாவற்றையும் விட எளிய சோதனை: பணம். ஆராய்ச்சியில் சேர்பவரிடம் சோதனை மருந்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பில் போட்டாலே அது ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லையென்றால் செய்யவே கூடாது.

ஒப்புதல் படிவம் பெற்றோர் படிக்கிற மொழியில் இருக்கணும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்களிடம் ஆங்கிலத் தாளை நீட்டி "இங்கே, இங்கே, இங்கே" என்று பெருக்கல் குறி போட்டுத் தருகிறார்கள். அந்தத் தாளில் "பலன் உத்தரவாதம் இல்லை, பணம் திரும்பாது" என்ற வரி மட்டும் கச்சிதமாக இருக்கும்.

எலும்பு_மூட்டு_கிருஷ்ணகிரி

நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா?

அரூர்_சிறப்பாசிரியர்

இல்லை டாக்டர். யாரும் சொல்லலை. வலியும் இல்லையே.

எலும்பு_மூட்டு_கிருஷ்ணகிரி

வலி வரும்போது தொடையெலும்புப் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு வெளியே போயிருக்கும். மூளைவாதக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு விலகுகிறது. நிலை 1இல் கிட்டத்தட்ட இல்லை, நிலை 5இல் 90 சதவீதம் வரை. நிலை 3 நடுவில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்கணும்.

எடுக்கும் முறை சரியில்லை என்றால் படம் வீண். மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு தொடையும் இணையாக, முட்டிச் சிப்பி நேராகக் கூரையைப் பார்க்கணும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அளவு பொய் சொல்லும். அம்மா தோளைப் பிடிக்க, இன்னொருவர் முட்டியைப் பிடிக்கணும். தொடைப் பந்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளப்போம். 30க்குக் கீழே என்றால் தொடர்ந்து பார்க்கலாம். 30ஐத் தாண்டினால் எலும்பு மருத்துவர் கையில் வரணும். மூன்று சுற்று செல்லுக்கு அலையும் ஒன்றரை வருடத்தில் இடுப்பு நழுவினால், பிறகு எலும்பை வெட்டித் திருப்புவதுதான் வழி.

கெண்டைக்கால் இறுக்கத்துக்கு போட்டுலினம் ஊசி உண்டு. பலன் மூணு நாலு மாதம். அதை மட்டும் போட்டு விட்டால் காசு கரையும். ஊசிக்கு ரெண்டு வாரம் கழித்து வாரம் ஒரு மாவுக்கட்டாக மூணு கட்டு மாற்றி, குதிகாலைப் படிப்படியாக இறக்கி, கடைசிக் கட்டு பிரிக்கும் அன்றே ஏ.எஃப்.ஓ. தயாராக இருக்கணும். கட்டுப் போட்ட இரவு விரல் நுனி நீலமாகவோ சில்லென்றோ ஆனால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பாலக்கோடு_பிசியோ

வீட்டு வேலையை நான் எழுதறேன். 4 மணி நேரம் தேவையில்லை, ஆனா தினமும் வேணும்.

கால் நீட்டுறது: எல்லாரும் செய்யற தப்பு, முன்பாதத்தைப் பிடிச்சு மேல தள்ளுறது. அப்படிச் செஞ்சா குதிகால் இறங்காது, பாதத்தோட நடுப்பகுதிதான் மடங்கும். கொஞ்ச நாளில் உள்ளங்கால் படகோட அடிப்பக்கம் மாதிரி வெளியே வளைஞ்சிடும். குதிகாலை உள்ளங்கையில் கிண்ணம் மாதிரி பிடிங்க, குழந்தையோட பாதம் உங்க முன்கையில் படியட்டும். முட்டி நேரா. குதிகாலைக் கீழே இழுத்துக்கிட்டே முன்கையால் சாய்ங்க. மெதுவா. வெடுக்குன்னு செஞ்சா தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

சொல்லப்போனா கையால் நீட்டுறதோட பலன் கொஞ்சம்தான். நீண்ட நேரம் சரியான நிலையில் இருக்கிறதுதான் வேலை செய்யும். அதனால நிற்கும் சட்டம். ஊர்த் தச்சரே செய்வார். 18 மி.மீ. பிளைவுட், மேல் விளிம்பு குழந்தையோட மார்புக்கு வரணும், முட்டிக்கு ரெண்டு தனித்தனி மெத்தை, இடுப்புக்குப் பின்னாடி அகலப் பட்டை, முன்னாடி விளையாடப் பலகை. பாதப் பலகைகளை அகட்டி வைக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு காலும் நடுக்கோட்டிலிருந்து 15 டிகிரியாவது வெளியே. இடுப்புக் கிண்ணம் ஆழமாக அந்த அகட்டல்தான் உதவும். தினம் மொத்தம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள். ஒரே மூச்சில் வேண்டாம், 20 நிமிஷமா மூணு தடவை. பலகையில் புளியங்கொட்டையும் கிண்ணமும் வெச்சுட்டா நேரம் தெரியாது, பக்கத்தில் ஆள் மட்டும் இருக்கணும், வாயில் போட்டுக்கும்.

ஏ.எஃப்.ஓ.வைக் கழற்றினதும் தோலைப் பாருங்க. சிவப்பு 20 நிமிஷத்தில் மறையணும். மறையலைன்னா அந்த இடத்தில் குத்துது, போட்டுத் தேய்க்காம செஞ்ச இடத்துக்கே எடுத்துட்டுப் போய்ச் சூடாக்கித் தள்ளச் சொல்லுங்க. கணுக்கால் பட்டையை முதலில் இறுக்கணும், மேல் பட்டையை அப்புறம். மாத்திப் போட்டா குதிகால் உள்ளே தூக்கிக்கிட்டு நிக்கும்.

குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற, சக்கரம் வெச்ச வட்ட வாக்கர் வீட்டில் இருந்தா யாருக்கும் கொடுக்காம உடைச்சுப் போடுங்க. நுனிக்கால் நடையை அதுதான் பழக்குது.

எழுந்து நிக்கிற பயிற்சி: அவ முட்டி உயரத்துக்கு ஒரு முக்காலி, பாதம் ரெண்டும் தரையில் பதியணும். முன்னாடி அவ மார்பு உயரத்தில் ஒரு பொருள். பத்துத் தடவை, நாளைக்கு மூணு வேளை. சுலபமா வந்துட்டா முக்காலியை ரெண்டு விரல்கடை தாழ்த்துங்க.

திடீர்னு இறுக்கம் கூடினா நோய் முத்திடுச்சுன்னு செல் மையத்துக்கு ஓட வேண்டாம். மலச்சிக்கல், சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கடிக்கிற ஏ.எஃப்.ஓ., இந்த நாலையும் முதலில் பாருங்க. பாக்லோஃபென் (இறுக்கத்தைத் தளர்த்துற மாத்திரை) ஓடிக்கிட்டிருந்தா மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு ரெண்டு நாள் விடவே கூடாது, திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடும்.

ஆவணம்_பார்ப்பவர்

செலவுப் பக்கம் சுருக்கமாக. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். மாற்றுத்திறனாளிச் சான்று கிடைத்தால் தனித்துவ அடையாள அட்டை. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு மூளைவாதத்துக்கு வருடம் 1 லட்சம் வரை, புறநோயாளிப் பயிற்சிக்கும் ஒரு பகுதி உண்டு. வட்டார வள மையத்தில் பிசியோ நாள் எது என்று ஆசிரியருக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வரும் பிசியோ இருக்கிறார். குழந்தை இருக்கிறது என்று நாம் போய்ச் சொன்னால்தான் பட்டியலில் ஏறும்.

தோப்பூர்_கணவாய்

சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கணும். மாமன் மகளைக் கட்டின வீட்டில் 5 வயசுப் பையன். காலையில் நல்லா நடக்கிறான், சாயங்காலம் கால் திருகிக்குது. எம்.ஆர்.ஐ. சுத்தம். மூளைவாதம்னு எழுதிக் கொடுத்து, அங்கேயும் இதே செல் பேச்சு.

குழந்தை_நரம்பியல்

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. சுத்தம், குறைமாதமோ மூச்சுத்திணறலோ இல்லை, நாளாக நாளாகக் கூடுகிறது, மாலையில் மோசம் என்றால் அதை மூளைவாதம் என்று மூடிவிடக் கூடாது. லெவோடோபா என்ற மாத்திரைக்குக் கட்டுப்படும் தசைத்திருகல் நோய் இப்படித்தான் வரும். குறைந்த அளவு மாத்திரையிலேயே நடை மாறிவிடும், மாத்திரையும் மலிவு. சொந்தத்தில் திருமணம் என்பதால் வளர்சிதைக் கோளாறுகளையும் பார்க்கணும். ஊசி, மஜ்ஜை எதற்கும் போகாமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டச் சொல்லுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதே இடத்தில் நடக்க வைத்து இரண்டு வீடியோ கையில் இருக்கட்டும்.

அரூர்_சிறப்பாசிரியர்

அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாப் பதிவையும் படிச்சேன். அவர் மையத்துக்குப் போன் போட்டு மூணு கேள்வி கேட்டார்: சி.டி.-06 தாள் உண்டா, எத்தனை மில்லி எடுப்பீங்க, 14ஆம் நாள் கல்ச்சர் தருவீங்களா. முதலாவதுக்கு "அது எங்க முறைக்குத் தேவையில்லை", மற்ற ரெண்டுக்கும் "நேர்ல வாங்க, டாக்டர் சொல்வார்". முன்பதிவு செஞ்சா 50 ஆயிரம் தள்ளுபடியாம். இன்னும் முழுசா மனசு மாறலை, ஆனா அடமானப் பேச்சு நின்னிருக்கு.

இன்னைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சு. வலது 22 சதவீதம், இடது 31னு அளந்திருக்காங்க. படத்தில் இடது முட்டி கொஞ்சம் உள்பக்கம் திரும்பின மாதிரி தெரியுது.

எலும்பு_மூட்டு_கிருஷ்ணகிரி

முட்டி திரும்பியிருந்தால் அந்த 31ஐ நம்ப முடியாது. நான் சொன்ன மாதிரி பிடித்து இடுப்பை மட்டும் மறுபடி எடுங்கள். அப்போதும் 30க்கு மேல் என்றால் ஆறு மாதம் காத்திருக்காமல் படத்தோடு எலும்பு மருத்துவரிடம் வாருங்கள். சட்டத்தைத் தச்சரிடம் சொல்லிட்டீங்களா? இடது பாதப் பலகையை நகர்த்தும்படி துளை போட்டு வைக்கச் சொல்லுங்கள், அகட்டலைக் கூட்ட வேண்டி வரலாம்.